என்ரை தோலும் தோல்தானே

1

"சில்வியா, இந்த முறை மலைக்கு அபியைக் கூட்டிக்கொண்டு போறம்" எண்டு திங்கட்கிழமை காலமை சினோரா சொன்னா. சினோரா எண்டால் நான் வேலை செய்யிற வீட்டுக்கார அம்மா. அபி என்ரை மகள். கேட்டா எண்டு எழுத எனக்கு மனம் வரேல்லை, ஏனெண்டால் அவ கேக்கேல்லை. கோப்பியைக் குடிச்சுக்கொண்டு, ரெலிபோனைத் தட்டிக்கொண்டு, பால் முடிஞ்சு போச்சு எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னா.

என்ரை பேர் சிவமலர். அது நாக்கிலை நிக்குதில்லையெண்டு முதல் நாளே என்னைச் சில்வியா ஆக்கிப்போட்டா. அது போகட்டும், பழகிப் போச்சு. ஆனால் போன மாசியிலை அதே மலைக்குப் போய், என்ரை இடக் காதுச்சோணையிலை பாதியைக் குளிருக்குக் குடுத்திட்டு வந்தவள் நான். இப்ப பிள்ளையைத் தரட்டாம்! கையிலை இருந்த கோப்பை அண்டைக்கு எப்பிடி உடையாமல் தப்பினதெண்டு எனக்கே தெரியேல்லை.

ஊரிலை இருந்து இதை வாசிக்கிற நீங்கள், "உங்கை அவ்வளவு குளிரோ?" எண்டு கேப்பியள். சாவகச்சேரியிலை இருக்கிற என்ரை தங்கச்சியும் வட்ஸ்அப்பிலை ஒவ்வொரு முறையும் இதைத்தான் கேக்கிறவள். அவளுக்கு ஐரோப்பா முழுக்க ஒரே ஃபிறிட்ஜ். நாங்கள் இருக்கிற பலெர்மோ இத்தாலியின்ரை தெற்குத் தொங்கல், இஞ்சை பனி கொட்டாது பாருங்கோ. தை மாசத்திலையும் றோட்டுக்கரை மரத்திலை தோடம்பழம் தொங்கும். கொஞ்சம் கடல்காத்து அடிச்சால் காணும், லிபெர்த்தா றோட்டுப் பக்கத்துப் பெரிய வீட்டு மனுசியள் மயிர் வைச்ச கோட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு "என்ன குளிர், என்ன குளிர்" எண்டு நடுங்கிக் காட்டுவினம். போர்கோ வெக்கியோவிலை எங்கடை வீட்டுச் சுவர் ஈரம் கசியும், பளிங்குத் தரை காலைக் கடிக்கும், காஸ் ஹீற்றரைக் கொளுத்திப்போட்டு என்ரை மனுசனும் அபியும் நானும் சுத்தி இருப்பம். இஞ்சத்தைய குளிர்காலம் அவ்வளவுதான். இந்தக் குளிர் ஒருத்தற்றை காதையும் கழட்டேல்லை.

2

அந்த மலை இருக்கிறது வடக்கிலை, ஒஸ்ரியா எல்லைக்குக் கிட்ட. பிளேனிலை போய், பிறகு காரிலை வளைஞ்சு வளைஞ்சு ஏறவேணும். வசதியான சனம் மாசியிலை ஒரு கிழமை அங்கை போய்ப் பனியிலை சறுக்கிறது வழக்கம். வெள்ளை வாரம் எண்டு அதுக்குப் பேரும் வைச்சிருக்கினம். சினோராவும் மகளும், நாலு வயசுப் பேத்தி ஜூலியாவும் போகேக்கை என்னையும் சேர்த்துக்கொண்டினம். "உனக்கும் ஒரு லீவு மாதிரி, சில்வியா" எண்டு சொன்னா. எனக்கும் உள்ளுக்குள்ளை ஒரு புழுகம் இல்லாமலில்லை. பனிக்குள்ளை நிண்டு படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பவேணும் எண்டு நினைச்சன்.

முதல் நாள் காலமை சினோரா என்னை மேசைக்குக் கிட்ட நிப்பாட்டி வைச்சு, சொல்லியும் செய்து காட்டியும் ஒரு பாடம் நடத்தினா. ஜூலியாவின்ரை முகத்தை எப்பிடிக் காப்பாத்திறது எண்டதுதான் பாடம். வழமையான முகக் கிறீம் பூசக் கூடாதாம், அதிலை தண்ணி இருக்கு, வெளியிலை போனால் தோலிலையே உறைஞ்சு போகுமாம். தண்ணி சேராத தடிச்ச களிம்பைக் கன்னத்திலையும் மூக்கு நுனியிலையும் கண்ணுக்குக் கீழையும் பூசவேணும். அதுக்கு மேலை கண் மட்டும் தெரியிற முகமூடி. அந்த மூடி மூச்சுப் பட்டு நனைஞ்சால் உடனை மாத்தவேணும், நனைஞ்ச துணி குளிரை இழுத்துவரும். கைக்கு ஐஞ்சு விரலும் ஒண்டாக் கிடக்கிற தடிச்ச உறை, சட்டைக் கைக்கு உள்ளை செருகிவிடவேணும், மணிக்கட்டு ஒரு கோடு கூடத் தெரியக் கூடாது. இடைக்கிடை மூடியை விலக்கிப் பாக்கவேணும். தோல் வெளுத்தால், பிள்ளை "நோகேல்லை" எண்டு சொன்னால், அப்பிடியே தூக்கிக்கொண்டு உள்ளுக்கு ஓடிவா எண்டா. நான் ஒண்டும் விடாமல் கேட்டன், ஒண்டும் விடாமல் செய்தன்.

எனக்கு என்ன தந்தா தெரியுமோ? மருமகனின்ரை பழைய ஜக்கெற் ஒண்டு. ஒரு கம்பளித் தொப்பி. மெல்லிய நூல் கிளவுஸ், உங்கடை காலைப்பனிக்குச் சைக்கிளிலை போகேக்கை போடலாம், அவ்வளவுதான். "உனக்கு இது காணும். நீங்கள் வெய்யில் நாட்டுச் சனம், உங்கடை உடம்புக்குள்ளை வெய்யில் சேர்ந்து கிடக்கு" எண்டு சொல்லிச் சிரிச்சா. கோதாரி, நான் என்ன கூரையிலை பூட்டின சோலரோ?

சினோராவும் மகளும் சறுக்கப் போவினம். ஜூலியாவைச் சின்னப் பிள்ளையளின்ரை சறுக்குப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டு, அது முடியுமட்டும் வேலியோடை நிக்கிறது என்ரை வேலை. அவள் அழுதால் ஓடவேணும், மூக்கு ஒழுகினால் துடைக்கவேணும், களிம்பு அழிஞ்சால் திருப்பிப் பூசவேணும். கிளவுஸோடை களிம்பு பூசேலாது. ஒவ்வொரு முறையும் கழட்டி, வெறும் விரலாலை தொட்டுப் பூசி, மரத்த விரலைத் திருப்பி அதுக்குள்ளை நுழைக்கிறது பெரிய பாடு. அங்கை அடிச்ச காத்து, மெய்யாச் சொல்லுறன், காத்தில்லை. முகத்திலை ஆரோ அறைஞ்சுகொண்டே நிண்ட மாதிரி இருந்தது.

இனி என்ரை தோட்டின்ரை கதை. கட்டின மனுசன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்கை வெறுங்காதோடை நிக்கிறது எங்கடை ஆக்களுக்கு ஏலாத காரியம் எண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கலியாணத்துக்குப் போட்ட கல்லுத் தோடு, ஆசுப்பத்திரிக் கட்டிலிலை அபியைப் பெறேக்கையும் நான் அதைக் கழட்டேல்லை. அந்தத் தோட்டிலை கல்லைப் பிடிச்சிருக்கிற காலிலை தொப்பி நூல் கொழுவிக் கொழுவி இழுத்தது. அதோடை பிள்ளை கூப்பிட்டால் கேக்கவும் வேணுமே. நான் தொப்பியைக் காதுக்கு மேலை மடிச்சு விட்டிட்டு நிண்டன். பவுண் குளிரை எவ்வளவு கெதியா உறிஞ்சித் தோலுக்குள்ளை இறக்கும் எண்டு கொடிகாமம் சந்தைக்குப் போய் வந்த எனக்கு என்ன தெரியும்?

அங்கை பிள்ளையளுக்குச் சறுக்கப் பழக்கிற மலைக்காரி ஒருத்தி வேலிக்குக் கிட்ட வந்து என்ரை காதைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னவ. எனக்கு அவவின்ரை பேச்சு விளங்கேல்லை. தோட்டின்ரை வடிவைத்தான் சொல்லுறா எண்டு நினைச்சு, நல்லாப் பாக்கட்டும் எண்டு தலையையும் சரிச்சுக் காட்டி, "ஓரோ, ஓரோ" எண்டன். தங்கம் எண்டு அர்த்தம். மனுசி என்னை ஒரு மாதிரிப் பாத்து, கையை விரிச்சுப்போட்டு, விழுந்த பிள்ளை ஒண்டைத் தூக்க ஓடிட்டா. சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ. வீட்டிலை இவரும் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சவர்.

முதல் காது ஊசி குத்தினது. பேந்து எரிஞ்சது. பேந்து ஒண்டுமில்லை. அப்பாடா, பழகிட்டுது எண்டு நினைச்சன். ஜூலியாவுக்கு நோகாட்டில் தூக்கிக்கொண்டு ஓடவேணும் எண்டு தெரிஞ்ச எனக்கு, எனக்கு நோகாட்டிலும் அதே கதைதான் எண்டு மண்டையிலை ஏறேல்லை. எப்பிடி ஏறும்? அண்டைக்குக் காலமை நடந்த பாடத்திலை நான் எங்கையும் இல்லையே.

பின்னேரம் வீட்டுக்கு வந்து சினோராவுக்குக் காட்டினன். கண்ணாடியைப் போட்டு, லைற்றுக்குக் கிட்டத் திருப்பிப் பாத்திட்டு, "சிவக்கேல்லையே, ஒண்டுமில்லை" எண்டா. என்ரை நிறத்திலை என்ன சிவக்கிறது? எங்கடை தோல் சாம்பல் பூத்துத்தான் போகும். ஜூலியாவின்ரை கன்னத்தைப் பாக்கப் பழகின கண்ணாலை என்ரை காதைப் பாத்தால் ஒண்டும் தெரியாதுதான். பேந்து நான் எங்கடை வைத்தியம் செய்தன். ஊரிலை இருந்து வந்த நோவெண்ணெயை நல்லா உரஞ்சித் தேய்ச்சு, சுடுதண்ணிப் போத்தலைத் துணியிலை சுத்திக் காதோடை அண்டி வைச்சுக்கொண்டு படுத்தன். கை சுளுக்கினாலும் அதுதானே, கால் பிரண்டாலும் அதுதானே. குளிர் தின்ற தோலைத் தேய்க்கவே கூடாதாம், சூடும் நேரை வைக்கக் கூடாதாம். இளஞ்சூட்டுத் தண்ணியிலை மெல்ல மெல்ல உயிர் வரப்பண்ண வேணுமாம். பேந்து டொக்டர் சொல்லித்தான் தெரியும். விடிய எழும்பிப் பாக்க, காதுச்சோணை கொப்புளிச்சு நாவற்பழம் மாதிரி நிண்டது. அண்டைக்கும் என்னை வேலியடியிலைதான் கொண்டுபோய் விட்டினம்.

3

பலெர்மோவுக்கு வந்து அபியோடை ஆசுப்பத்திரிக்குப் போனன். வாசலிலை பதிஞ்ச தாதி, பனியாலை காது கருகினது எண்டதைக் கேட்டு மற்றத் தாதியையும் கூப்பிட்டுக் காட்டினா. வெளியிலை வெய்யில், சனம் கடற்கரையிலை ஐஸ்கிறீம் நக்குது, இஞ்சை ஒரு சிலோன்காரி பனி கடிச்ச காதோடை வந்து நிக்கிறாள். அவைக்குப் புதினம்தானே.

இளம் பொம்பிளை டொக்டர் ஒருத்தி குறட்டாலை தோட்டை வெட்டி எடுத்தா. கெட்டுப்போன தசையையும் எடுக்கவேணும் எண்டா. பிறகு கேட்டா, "இது வேலை நேரத்திலை நடந்ததோ?" வேலையிலை நடந்த காயமெண்டால் அதை அவ அரசாங்கத்துக்கு அறிவிக்கவேணுமாம், பேந்து அவையள் வந்து விசாரிப்பினமாம். என்ரை இத்தாலியன் குசினி இத்தாலியன்தான். துடை, கழுவு, கொண்டா, மெதுவா, இவ்வளவும்தான் அதிலை இருக்கு. ஆனால் இந்தக் கேள்வி எனக்கு வடிவா விளங்கினது. "லவோரோ" எண்டன். வேலை எண்டு.

அபி உடனை முன்னுக்கு வந்தாள். "இல்லை டொக்டர், வக்கான்சா. அம்மாவுக்குக் கேள்வி விளங்கேல்லை" எண்டு கடகடவெண்டு சொன்னாள். வக்கான்சா எண்டால் விடுமுறை. நான் அவளைப் பாத்தன். அவள் என்னைப் பாக்கேல்லை. டொக்டர் அவள் சொன்னதைத்தான் எழுதினா.

வெளியிலை வந்து பஸ் தரிப்பிலை வைச்சுப் பிடிச்சன். "என்னடி சொன்னனி உள்ளுக்கு?"

"அம்மா, சினோரா காலமை எனக்கு ரெலிபோன் எடுத்தவ. நீங்கள் அங்கை விருந்தாளியாத்தானாம் போனனீங்கள். ஃபமிலியாவாம் நீங்கள்."

"குடும்பமோ? குடும்பத்துக்கெல்லாம் முகமூடி இருந்தது, எனக்கு எங்கையடி முகமூடி? குடும்பம் மேசையிலை இருந்து சாப்பிட்டது, நான் குசினிக்கை நிண்டெல்லோ சாப்பிட்டனான்!"

"பாஸ்தா, மம்மா! காணும், கத்தாதேங்கோ, எல்லாரும் பாக்கினம். உங்கடை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரம் இது. அவ வேலைக் கொன்ராற்றை நிப்பாட்டினால் என்ன செய்வியள்?"

அவள் சொன்னதிலை பிழையில்லை எண்டதுதான் எனக்கு விசரைக் கிளப்பினது. பெர்மெஸ்ஸோ, அதுதான் இஞ்சை இருக்க விடுற அனுமதி, அது வேலை இருந்தால்தான் வரும். இவர் பகேரியாவுக்கு றெயினிலை போய் ஒரு வீட்டுத் தோட்டம் பாக்கிறவர், அதுக்கு ஒரு கடுதாசியும் இல்லை. ஆக, சினோரா சொன்னதுதான் சரி, நான் விடுமுறைக்குத்தான் போனனான். காதையும் சும்மா ஆசைக்கு விட்டிட்டு வந்தனான். அண்டைக்கு பஸ்ஸிலை அபி ஒரு சீற்றிலை, நான் ஒரு சீற்றிலை இருந்து வந்தம்.

4

இதுக்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கோ. சில கிழமையாலை பெர்மெஸ்ஸோவுக்குக் கைரேகை குடுக்கக் குவெஸ்தூராவுக்கு, அதுதான் பொலிஸ் கந்தோருக்குக் கூப்பிட்டினம். விடியப்புறம் போய் வரிசையிலை நிண்டு, கண்ணாடியிலை விரலை வைச்சால் மெசின் ஏத்துதில்லை. களிம்பு பூசின விரலெல்லாம் நுனித்தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிஞ்சு போய்க் கிடந்தது. அந்த உத்தியோகத்தர் என்ரை கையைத் துடைச்சுத் துடைச்சு அமத்திப் பாத்திட்டு, "சினோரா, தோல் வளர்ந்த பிறகு வாங்கோ" எண்டார். ஜூலியாவின்ரை கன்னத்தைக் காப்பாத்தப் போய்த்தான் என்ரை விரல் இப்பிடியானதெண்டு அவருக்குத் தெரியுமோ? தோல் வளர்ந்து, திருப்பிப் போய் நிண்டுதான் அது கிடைச்சது.

அபிக்கு இந்தக் கரைச்சல் ஒண்டுமில்லை. இஞ்சை பிறந்தவள், பதினெட்டு முடிய நகரசபையிலை ஒரு கையெழுத்துப் போட்டாள், இத்தாலியப் பிரஜை ஆயிட்டாள். அவளின்ரை இத்தாலியனைக் கேட்டால் போர்கோ வெக்கியோ மீன்காரனே, "நீ எங்கடை பெட்டை" எண்டுதான் சொல்லுவான். கையை ஆட்டிக் கதைக்கிறதும் அவையளை மாதிரித்தான். கோவம் வந்தால் தமிழ் அவளுக்கு வாயிலை வராது. சந்தோசம் வந்தாலும் வராது. இப்ப அம்மாவுக்கும் சினோராவுக்கும் நடுவிலை நிண்டு, ஆருக்கு எது நல்லதோ அதைச் சொல்லுற ஆளா வளர்ந்திட்டாள். அவளைப் பெத்த எனக்கு இது நெஞ்சிலை குத்தாதோ?

5

அபியைக் கூட்டிக்கொண்டு போறம் எண்டு சினோரா சொன்ன அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் நான் வீட்டை வர, அபிக்கு ஏற்கெனவே எல்லாம் தெரிஞ்சிருந்தது. சினோரா அவளுக்கு நேரை மெசேஜ் போட்டிட்டா. பெட்டை கட்டிலிலை இருந்து மலைப் படமெல்லாம் பாத்துக்கொண்டு இருக்கிறாள்.

"அம்மா, நான் பனியையே கண்டதில்லை. ஒரு கிழமைதானே. ஜூலியாவைப் பாக்கவேணும், அவ்வளவும்தான்."

"எந்த இடத்திலை நிண்டு பாக்கப் போறாய்? வேலியடியிலையோ?"

"நான் உங்களை மாதிரி நிக்கமாட்டன். எனக்குத் தெரியும் என்ன போடுறதெண்டு. நீங்கள் தோட்டைக் கழட்டியிருந்தால் ஒண்டும் நடந்திராது."

சுருக்கெண்டு தைச்சது எனக்கு. அப்ப என்ரை பிழையோ? தோட்டைக் கழட்டச் சொல்ல அந்த வீட்டிலை ஒரு நாக்கு இருக்கேல்லையோ? நாலு வயசுப் பிள்ளையின்ரை மணிக்கட்டு மறைஞ்சிருக்கோ எண்டு பாக்கத் தெரிஞ்ச சனத்துக்கு, தொப்பிக்கு வெளியாலை நிக்கிற என்ரை காது கண்ணிலை படேல்லையோ? நான் கத்தத் தொடங்க, வேலையாலை வந்த இவர் சப்பாத்தையும் கழட்டாமல் வாசலிலை நிண்டு, "இஞ்சேரப்பா, சும்மா கிடக்கிறதைக் கிளறாதை. அடுத்த பெர்மெஸ்ஸோவுக்கும் அவவின்ரை கையெழுத்துத்தான் வேணும்" எண்டார்.

நான் கொஞ்சம் அடங்கி, அபிக்குக் கிட்டப் போய் இருந்தன். "பனிக்குப் போகாதை எண்டு நான் சொல்லேல்லை. முகத்தை மூடு, காதை மூடு, காதிலை மூக்கிலை ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாது, எல்லாம் நானே வாங்கித் தாறன். ஆனால் ஆராப் போறாய்? வேலைக்காரியாப் போறியோ, விருந்தாளியாப் போறியோ? அதை மட்டும் கேட்டுச் சொல்லு."

அதைச் சினோராவிட்டைக் கேக்க வெக்கம் எண்டாள் அபி. அந்த வெக்கத்திலைதான் அந்த வீடு நடக்குது எண்டு நான் சொன்னன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, ஒரு கதையும் இல்லை எங்கடை வீட்டிலை. சனிக்கிழமை பின்னேரம் நான் சட்டையை மாத்திக்கொண்டு, "வா, நானே கேக்கிறன், நீ சும்மா நிண்டால் காணும்" எண்டன்.

6

வேலையில்லாத நேரத்திலை அந்த வீட்டு மணியை நான் அடிச்சது அதுதான் முதல் தரம். சினோரா பயந்துபோய்த்தான் கதவைத் திறந்தா. அபியைக் கொஞ்சி உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினா. நானும் போய் மற்றக் கதிரையிலை இருந்தன். தினமும் தூசு தட்டுற கதிரை, இருந்து பாக்க நல்ல மெத்தெண்டுதான் இருக்குது.

என்னட்டை இருக்கிற இத்தாலியனைப் பொறுக்கிச் சேர்த்து, "என்ரை மகள் மலைக்கு, வேலையோ, விருந்தோ?" எண்டு கேட்டன்.

அவ கையைத் தட்டிச் சிரிச்சா. "என்ன கேள்வி இது, சில்வியா! அபி எங்கடை குடும்பத்துப் பிள்ளை."

நான் அபியிட்டைத் திரும்பித் தமிழிலை சொன்னன். "இவவுக்குச் சொல்லு. வேலையெண்டால் வேலையெண்டு எழுதித் தரட்டும், ஜூலியாவுக்குப் போடுறது எல்லாம் உனக்கும் வாங்கித் தரட்டும், முறை வைச்சு உள்ளுக்கு வந்து சூடாக விடட்டும். விருந்தெண்டால் நீயும் மேசையிலை இருந்து சாப்பிடுவாய், நீயும் சறுக்குவாய், வேலியடியிலை வேறை ஆரும் நிக்கட்டும். இது ரண்டுக்கும் நடுவிலை ஒண்டும் இல்லை."

அபி குனிஞ்சு தன்ரை கையைப் பாத்துக்கொண்டு இருந்தாள். சினோராவுக்கு என்ரை தமிழ் விளங்காட்டிலும் குரல் விளங்கியிருக்கும். சிரிப்பு நிண்டு போச்சு. அபியிட்டை மெல்லக் கேட்டா, "அம்மாவுக்கு என்னோடை கோவமோ?"

இப்ப பெட்டை என்னத்தைச் சொல்லப்போறாள்? இல்லை சினோரா, அம்மாவுக்குக் களைப்பு எண்டுவாள். அம்மாவுக்கு விளங்கேல்லை எண்டுவாள். அவளின்ரை கெட்டித்தனம் எனக்குத் தெரியாதே? நான் கதிரைக் கையைப் பிடிச்சுக்கொண்டு எழும்பப் பாத்தன்.

"ஓம் சினோரா, கோவம்தான்" எண்டாள் அபி. வழமையா அவள் பாயுற இத்தாலியன் இல்லை அது. எனக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கவேணும் எண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஆசுப்பத்திரியிலை விடுமுறை எண்டு சொன்னது நான்தான். பொய் சொன்னனான். அம்மா அங்கை வேலை செய்தவ. உங்கடை பிள்ளையின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டுதான் அவவின்ரை காது போனது. நான் வரேல்லை."

எனக்கு அழுகை வந்திட்டுது. ஒரு வருசமா அந்தச் சொல்லுக்குத்தான் நான் காத்துக்கொண்டு இருந்தனான் எண்டு அப்பதான் எனக்கே தெரிஞ்சது. பாவம், பனி பாக்கிற ஆசை அவளின்ரை முகத்திலை அப்பவும் அப்பிடியே கிடந்தது.

சினோரா எழும்பி, "சரி, மலைக்கு வேறை ஆளைப் பாக்கிறன்" எண்டா.

"அவவுக்கும் முகமூடி வாங்கிக் குடுங்கோ" எண்டாள் அபி.

வாசல் வரைக்கும் சினோரா வந்தா. நாங்கள் படியிலை கால் வைக்கேக்கை பின்னாலை நிண்டு கூப்பிட்டா. இவ்வளவு காலத்திலை அந்தக் குரலிலை பயத்தை நான் அண்டைக்குத்தான் கேட்டன்.

"சில்வியா, திங்கட்கிழமை நீ வருவாய்தானே?"

நான் கண்ணைத் துடைச்சுக்கொண்டு திரும்பி, அவவின்ரை பாசையிலையே சொன்னன்.

"வருவன் சினோரா. வேலைக்கு."